மீட்டர் கையில் இருக்கும்போது

ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு காரை முழுக்கப் பிரித்து, துரு எடுத்து, எஞ்சினைப் புதுப்பித்து, சாயம் அடித்து மறுபடி பூட்டுகிறீர்கள். டேஷ்போர்டிலிருந்து கழற்றி வைத்த மைல் மீட்டரைத் திரும்ப மாட்டும்போது அதில் என்ன எண் இருக்க வேண்டும்?

'இதெல்லாம் ஒரு கேள்வியா? ஃபோர்மன்கிட்ட கேளு' என்று சிலர் சிரிக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் கூட்டாளியின் பெங்கேலில் வார இறுதிகளில் ஒரு பழைய வோக்ஸ்வேகனோடு உட்கார்ந்த பிறகு, நம் வகுப்புகளில் 'சத்தியம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிற விஷயம் எவ்வளவு சிக்கலானது என்று புரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1969-ஆம் ஆண்டு வண்டு வடிவ வோக்ஸ்வேகன். ஷா ஆலாமில் அந்த வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டாளியின் தாத்தா தோட்டத்து டிரெசர். ஆஸ்பத்திரி இல்லாத தோட்டங்களுக்கு மருந்துப் பெட்டியோடு போய் வந்தது இந்தக் காடியில்தான். தாத்தா போன பிறகு பல வருடம் கொட்டகையில் கிடந்தது. குடும்பத்தில் யாராலும் பராமரிக்க முடியாது, புதுப்பித்து விற்றுவிடலாம் என்று முடிவாகி கூட்டாளியின் கைக்கு வந்தது.

மீட்டரைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. முதலில் பேட்டரி வயரை எடுத்துவிட வேண்டும். இந்த வண்டியில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன் பொனட்டைத் திறந்தால் சாமான் வைக்கிற இடம்தான். அங்கே உள்ள அட்டை மறைப்பை எடுத்தால் மீட்டரின் முதுகு தெரியும். முன் சக்கரத்திலிருந்து வருகிற கேபிளின் நட்டை விரலால் திருகிக் கழற்றி, பல்புகளை உருவி, ஒவ்வொரு வயருக்கும் டேப் ஒட்டி எண் எழுதி (எழுதாமல் கழற்றுகிறவர்கள் பிறகு அழுவார்கள்), இரண்டு திருகாணியை எடுத்தால் மொத்த மீட்டரும் கைக்கு வந்துவிடும். 1969 வண்டியில் அந்த ஒரே வட்டத்துக்குள் வேகமுள், மைல் எண், பெட்ரோல் அளவு, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் அடக்கம். 1961 வரை வந்த வண்டுகளில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. எஞ்சின் திக்கினால் காலால் ஒரு குழாயைத் திருப்பி, மிச்சமிருக்கிற ரிசர்வ் பெட்ரோலில் வீடு போய்ச் சேர வேண்டும். அந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை அதிகம்தான்.

உள்ளே நடக்கிற வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. கேபிள் சுற்றும்போது ஒரு காந்தம் சுற்றுகிறது. அதன் இழுப்பில் வேகமுள் அசைகிறது. எண் சக்கரங்கள் அப்படியல்ல. அவை பல்சக்கரங்களால் கேபிளோடு நேரடியாகப் பூட்டப்பட்டவை. அதனால் பல்சக்கரம் தேய்ந்தால் முள் ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கும், எண் மட்டும் வருடக்கணக்கில் அசையாமல் நிற்கும். வேகம் சரியாகக் காட்டுகிற மீட்டர் தூரத்தில் பொய் சொல்ல முடியும்.

ஓட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்த எண் யாரையும் கேட்டு ஓடுவதில்லை. நீங்கள் கோயிலுக்குப் போனாலும் கூடும், போகக்கூடாத இடத்துக்குப் போனாலும் கூடும். ஆனால் மீட்டரைக் கழற்றி, மூடியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. எண் சக்கரங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. அதுவரை சாட்சியாக இருந்த ஒன்று, யாரைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டுமோ அவர் கையிலேயே வந்துவிடுகிறது.

மீட்டரில் இருந்த எண் 41,638. மைல் கணக்கு.

"சைபர்ல வச்சிரலாம்லா," என்றான் கூட்டாளி. "எஞ்சின் புதுசு, தரை புதுசு, வயரிங் புதுசு. இது மறுஜென்மம் எடுத்த காடி. பழைய கணக்கு எதுக்கு?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுபிறவியை நம்புகிறவன் சொல்லக்கூடாத வாதம் அது. பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல் ஆன்மா உடலை மாற்றுகிறது என்று கீதை சொல்கிறது, சரி. உடல் மாறினால் வினை அழிந்துபோகும் என்று எங்கே சொன்னது? சஞ்சிதம், பிராரப்தம் என்று பிரித்துப் பிரித்து நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது, கணக்கு உடலோடு ஒழிவதில்லை என்பதைத்தான். சித்ரா பௌர்ணமி அன்று சித்திரகுப்தனை நினைத்து வழிபடுகிறோம். புது உடம்புக்குப் புது நோட்டுப் புத்தகம் போடுகிற குமாஸ்தாவாக யாரும் அவரைச் சொன்னதில்லை. இதைச் சொன்னதும் கூட்டாளி சிரித்துவிட்டு, "சரி, அப்ப 41,638-ஐயே வச்சிருவோம். அது உண்மை நம்பர்தானே?" என்றான்.

இங்கேதான் விஷயம் கனமாகிறது.

அந்த மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு மறுபடி 00000. கூட்டாளியின் பாட்டி ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒரு தடவை எல்லா நம்பரும் முட்டையா மாறப்போகுதுன்னு தாத்தா ரோட்டோரமா நிறுத்திப் பிள்ளைங்களை எல்லாம் எட்டிப் பாக்கச் சொன்னாருய்யா. அப்புறம் மெதுவா ஒரு மைல் ஓட்டினாரு. எல்லாம் கைதட்டுனாங்க." அப்படியானால் வண்டி ஓடியது 41,638 மைல் இல்லை, 1,41,638 மைல். கிலோமீட்டரில் ஏறக்குறைய 2,28,000.

விளம்பரத்தில் 'மீட்டரில் 41,638 மைல்' என்று போட்டால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மீட்டரைத் தொடவும் இல்லை. ஆனால் வாங்க வருகிறவர் என்ன நினைப்பார்? 'அடேங்கப்பா, இத்தனை வருசத்துல இவ்வளவுதான் ஓடியிருக்கா' என்று நினைப்பார். அந்த நினைப்புக்குத்தான் விலை கூடும். வாங்க வந்தவர் விஷயத்தில் அது சில ஆயிரம் ரிங்கிட் வித்தியாசம். பெங்கேல் வாடகை பாக்கி வைத்திருக்கிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

எனக்கு உடனே தருமர் ஞாபகம் வந்தார். துரோணரை வீழ்த்த வேறு வழியில்லாமல், அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைப் பீமன் கொன்றான். 'அசுவத்தாமன் இறந்தான்' என்று உரக்கச் சொன்ன தருமர் 'யானை' என்பதைத் துரோணர் காதில் விழாதபடி முணுமுணுத்தார். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஆனால் அதுவரை தரைக்கு நாலு விரற்கடை மேலே நின்ற அவருடைய தேர் அந்தக் கணமே மண்ணைத் தொட்டது என்கிறது பாரதம். கதை அதோடு விடவில்லை. கடைசியில் சொர்க்கத்துக்குப் போன தருமர் கொஞ்ச நேரம் நரகத்தைப் பார்க்க வேண்டி வருகிறது. துரோணரை ஏமாற்றியதற்காகத்தான் அது என்று இந்திரனே சொல்கிறான். வாயிலிருந்து வந்த சொல்லைப் பாரதம் எடை போடவில்லை. கேட்டவர் மனதில் என்ன விழும் என்று தெரிந்தே சொன்னதைத்தான் எடை போட்டது.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே பாரதத்தில் உண்டு. கர்ண பர்வத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குக் கௌசிகர் என்ற முனிவரைப் பற்றிச் சொல்கிறான். எந்த நிலையிலும் உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்டவர். கொள்ளையரிடமிருந்து தப்பி ஓடியவர்கள் காட்டில் எங்கே ஒளிந்தார்கள் என்று கொள்ளையர்களே வந்து கேட்டபோது, உள்ளதைச் சொல்லிவிட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள். முனிவர் நரகம் போனார். உண்மை பேசி நரகம்!

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சத்தியம் என்பது சொல்லுக்கும் நடந்ததற்கும் உள்ள பொருத்தம் மட்டும் இல்லை என்று தெரிகிறது. தருமரிடமும் கௌசிகரிடமும் அந்தப் பொருத்தம் இருந்தது. இருவருமே தங்கள் வார்த்தையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு, எதிரில் இருந்த மனிதர்களைக் கைவிட்டுவிட்டார்கள்.

கூட்டாளி லேசுப்பட்ட ஆள் இல்லை, பள்ளியில் திருக்குறள் போட்டியில் பரிசு வாங்கினவன். "குற்றமில்லாத நன்மை தந்தா பொய்யும் வாய்மை மாதிரிதான்னு வள்ளுவரே சொல்லியிருக்காரு. வாங்குறவரு சந்தோசமா ஓட்டப்போறாரு. எஞ்சின் உண்மையிலேயே புதுசு. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றான்.

வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் பிடித்த குறள் அதுதான் என்று நான் சந்தேகப்படுகிறேன். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையை அவர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நன்மை வர வேண்டும், அதில் குற்றம் கலந்திருக்கக் கூடாது. கொள்ளையரிடம் பொய் சொல்லியிருந்தால் கௌசிகருக்குச் சல்லிக்காசு லாபமில்லை. உயிர் பிழைத்தவர்களுக்குத்தான் நன்மை. மீட்டர் விஷயத்தில் லாபம் பொய் சொல்கிறவன் பையில் விழுகிறது. அந்த லாபமே குற்றம். இன்னொன்று, அதே அதிகாரத்தில் அடுத்த குறளிலேயே, தன் நெஞ்சுக்குத் தெரிந்ததைப் பற்றிப் பொய் சொல்லாதே, சொன்னால் உன் நெஞ்சே உன்னைச் சுடும் என்று அவர் கதவைச் சாத்திவிடுகிறார். ஒரு குறளை மட்டும் மனப்பாடம் செய்து போட்டியில் பரிசு வாங்கினால் இதுதான் நடக்கும் என்று நான் சொன்னேன். அவன் ஸ்பேனரை எடுத்துக் காட்டினான்.

சட்டம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரத்தில் ஒரு பொருளைப் பற்றித் தவறான எண்ணம் கொடுப்பதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 1972-இல் வந்த சட்டம் மீட்டருக்கென்றே விதி வைத்திருக்கிறது. பழுது பார்க்கும்போது பழைய எண்ணை அப்படியே வைக்க முடியாமல் போனால், மீட்டரைச் சைபரில் வைக்க வேண்டும்; பழுதுக்கு முன் என்ன எண் இருந்தது, எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று எழுதி ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். (அங்கே ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம்.) இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. சைபர் வைப்பது பாவம் என்று அது சொல்லவில்லை. சைபருக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் இருக்கட்டும் என்கிறது.

நம் கோயில்களைப் பாருங்கள். கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் தோன்றியது 1873-இல். இப்போதைய இடத்துக்கு வந்தது 1885-இல். நாம் இன்று அண்ணாந்து பார்க்கிற கட்டடம் 1968-இல் எழுந்தது. அப்படியானால் கோயிலுக்கு வயது என்ன? யாரும் 1968 என்று சொல்வதில்லை. 1873-இல் கட்டிய சுவர்தான் இது என்று ஏமாற்றுவதும் இல்லை. திருப்பணி செய்கிறோம், சாயம் அடிக்கிறோம், கும்பாபிஷேகம் நடத்துகிறோம். எந்த ஆண்டு எந்தக் கும்பாபிஷேகம், யார் தலைமையில் என்று கல்லில் வெட்டி வாசலில் பதிக்கிறோம். புதுப்பித்ததையும் சொல்கிறோம், பழசையும் சொல்கிறோம். மீட்டருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

இப்படிச் சொன்னால், 'அப்ப விக்கிறவன் வண்டியோட சரித்திரம் முழுக்க எழுதிக் கொடுக்கணுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சீட்டில் எங்கே காபி கொட்டியது என்பதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவர் தன் கண்ணால் பார்க்கக்கூடியதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். எதை நம்பி அவர் பணம் தருகிறாரோ, எதை அவரால் தானாகக் கண்டுபிடிக்க முடியாதோ, அதைத்தான் நாம் சொல்லியாக வேண்டும். ஆறாவது இலக்கம் அப்படிப்பட்டது. அது மீட்டரில் இல்லை. பாட்டியின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

மீட்டரைப் பற்றிப் பேசும்போது அதைவிட மோசமான ஒரு வேலையையும் சொல்ல வேண்டும்: எச்சரிக்கை பல்பை உருவி விடுவது. வண்டு வோக்ஸ்வேகனில் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைக் குளிர வைக்கிற காற்றாடி, டைனமோ சுற்றுகிற அதே தண்டில் மாட்டியிருக்கிறது. இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். 'பேட்டரி சார்ஜ் ஆகலை, பரவாயில்லை, வீடு வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டினால் குளிர்காற்று இல்லாமல் எஞ்சின் வெந்துவிடும். அந்த விளக்கு 'நிறுத்து' என்று சொல்கிற ஒரே குரல். சார்ஜ் ஆகாத வண்டியை விற்க நினைக்கிறவர் மீட்டரைக் கழற்றி அந்தப் பல்பை எடுத்துவிட்டால் முகம் சுத்தமாகத் தெரியும், எந்த விளக்கும் எரியாது. வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. சாட்சியைக் கொன்றுவிட்டால் போதும்.

பழைய காடி வாங்க யாருக்கும் ஆசை இல்லாவிட்டாலும் இது நமக்குத் தேவைப்படும். நம்மில் பெரும்பாலோர் முதலில் வாங்கப்போவது செக்கன் ஹேண்ட் மைவிதான். சாவியைத் திருப்பினதும், எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன், எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு நல்ல விளக்கு இல்லை. டிஜிட்டல் மீட்டர் என்றால் எண்ணை மாற்றக் கழற்றவே வேண்டாம், ஒரு கருவியைச் செருகி மாற்றிவிடுகிறார்கள். அதனால் எண்ணை நம்பாமல் சர்வீஸ் புத்தகத்தையும், பிரேக் மிதிகட்டையின் ரப்பரையும், ஸ்டியரிங்கின் தோலையும் பாருங்கள். கால் பட்ட ரப்பரின் தேய்மானத்தை யாரும் கருவி வைத்துப் பின்னால் ஓட்ட முடியாது.

விற்காமல் தானே வைத்துக்கொள்கிறவர் சைபரில் வைத்தால் என்ன என்றும் ஒருவர் கேட்டார். யாரையும் ஏமாற்றவில்லையே என்றார். இதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. புது எஞ்சின் எத்தனை மைல் ஓடியது என்று தெரிந்துகொள்ள அது வசதிதான். ஆனால் நன்றாகப் பூட்டிய கார் நம்மைவிட அதிக நாள் வாழும். நம் பேரப்பிள்ளை அதை விற்கும்போது அவனுக்கு உண்மையைச் சொல்ல யார் இருப்பார்கள்? எழுதி வைக்காத சைபர், நாம் போன பிறகு தானாகவே பொய்யாகிவிடும். எஞ்சின் மைலை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளலாம். மீட்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

தாத்தாவின் மீட்டரை 41,638-லேயே மாட்டினோம். முகத்தட்டு மஞ்சளாகியிருந்தது, அதற்குச் சாயம் அடிக்கவில்லை. கண்ணாடியை மட்டும் துடைத்தோம். கூட்டாளி ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவுச் சட்டத்தில் ஒட்டினான்: மீட்டர் ஒரு சுற்று முடிந்தது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள், மொத்தம் 1,41,638 மைலாக இருக்கலாம்; மீட்டர் திறக்கப்பட்டது, எண் மாற்றப்படவில்லை; எஞ்சின் புதுப்பித்த தேதி இன்னது. 'இருக்கலாம்' என்ற வார்த்தையை நான்தான் போடச் சொன்னேன். பாட்டிக்கு ஞாபகசக்தி நல்லதுதான், இருந்தாலும் நாங்கள் கண்ணால் பார்க்கவில்லையே.

வாங்க வந்தவர் சிரம்பான்காரர், அப்பாவுக்காக வாங்குகிறார். குனிந்து காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு விலையைக் குறைத்துக் கேட்டார். கூட்டாளி என்னை ஒரு பார்வை பார்த்தான். அரை மணி நேரம் பேசி, நினைத்ததைவிடக் குறைவாகத்தான் முடிந்தது. அந்த மாத வாடகையை அவன் தவணையில் கட்டினான்.

கிரான் பெயர் மாற்றம் முடிந்து வண்டியை எடுக்க வந்த அன்று, கதவில் காகிதம் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். இனி உங்க காடி, உங்க இஷ்டம் என்றான் கூட்டாளி. அவர் நகத்தால் மெதுவாக உரித்து, இரண்டாக மடித்து, கிரான் வைக்கிற உறைக்குள் செருகிக்கொண்டு, வெளியே வந்து நின்ற பாட்டியிடம் போய், "தாத்தா எந்தெந்தத் தோட்டத்துக்குப் போவாரு பாட்டி?" என்று கேட்டார்.